தையல் போட்ட இடத்து வலி

போன வாரம் சாப்பிடும்போது தம்பி கேட்டான்: "அப்பா, என்னிய வவுத்த கீசித்தான் எடுத்தாங்களாமே? அம்மாவுக்கு வலி தாங்கத் தெரியாதாம். கீழ் வூட்டு அத்தை சொல்லுது."

உங்கள் அம்மா தட்டோடு எழுந்து போய்விட்டாள். வேலை விட்டு வந்த எனக்கு அப்போது பேசத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். பாப்பா, தம்பி, இரண்டு பேரும் படியுங்கள்.

பாப்பா, நீ வயிற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தாய். தலை மேலே, பிட்டம் கீழே. பனிக்குடம் உடைந்த பிறகும் நீ திரும்பவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். இதில் அம்மா செய்த தப்பு எதுவும் இல்லை. ஆனால் அப்போது நாங்கள் இருந்த தண்டையார்பேட்டைத் தெருவில், தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

"இன்னாமே, உனக்கு அறுத்து எடுத்தாங்களாமே? நானெல்லாம் காலீல மீன் வித்துட்டு சாயங்காலம் பெத்துகினு வந்தேன்" என்பார் ஓர் அக்கா.

"அதான்க்கா உன் புள்ளைங்க மேல இன்னும் கவிச்சி போவல" என்பாள் உங்கள் அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கிவிட்டு, புடவைக்கு மேலேயே தழும்பைத் தடவிப் பார்ப்பாள்.

தம்பி வயிற்றில் இருந்தபோது, இந்தத் தடவை தானாகவே பெற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். டாக்டர் அம்மா மறுக்கவில்லை. "பாக்கலாம். ஆனா உள்ள பழைய தையல் இருக்கு. பிரசவ வலி விட்டு விட்டுத்தான் வரும். வலி விட்ட நேரத்துலயும் தையல் எடத்துல வலிச்சா உடனே சொல்லணும். தையல் பிரிஞ்சா ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார். இதைச் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

வலி கண்ட அன்று நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் நான் ஓட்டும் டிரெய்லர் லாரியோடு வரிசையில் நின்றிருந்தேன். துறைமுகத்துக்குள் கன்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு, தூங்காத கண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அம்மாவின் அக்கா, உங்கள் பெரியம்மாதான் உள்ளே துணைக்கு இருந்தார். மத்தியானம் வெளியே வந்து டீ கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னாக்கா, குழந்த எப்டி கீது?"

"கீது. அவதான்..."

"அவளுக்கு இன்னா?"

"வலி விட்டப்பறமும் தையல் எடத்த அமுக்கிகினே கீறா தம்பி. நர்ஸ் கேட்டா இல்லன்றா. சொன்னா அறுத்துடுவாங்களாம். என்கிட்ட சத்தியம் வாங்கிகினா. நீயும் சொல்லாத."

பெஞ்சிலிருந்து என்னால் உடனே எழ முடியவில்லை. உடம்பு அப்படி ஓய்ந்திருந்தது. இத்தனை மாதம் அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான் என்பதும் மனதில் ஓடியது. பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். எட்டிப் பார்த்த நர்ஸிடம் பெரியம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் கூடவே நடந்தேன்.

"உன்ன எவன்யா கேட்டான்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், பழைய தையல் போட்ட இடம் மெல்லிய தாள் மாதிரி ஆகிவிட்டது, அதன் வழியாகவே தம்பியின் தலைமுடி தெரிந்தது என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிரிந்திருக்குமாம்.

வார்டில் படுத்திருந்த அவளிடம் இதைச் சொன்னேன். பக்கத்தில் தம்பி தூங்கினான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பேன்" என்றாள்.

தாங்கியிருப்பாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கதவைத் தட்டினேன்.