ஆறாம் மாடிக்காரியின் லிஸ்ட்

குழந்தையின் தள்ளுவண்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. ரூமென் நேராகத் தள்ளிப் பார்த்தான், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தான், கடைசியில் லிஃப்டையும் அதைச் செய்தவனையும் அவன் வம்சத்தையும் சேர்த்துத் திட்டிப் பார்த்தான். வண்டி அறுபத்து மூன்று சென்டிமீட்டர், லிஃப்டின் வாசல் ஐம்பத்தெட்டு. ரூசே நகரத்து அடுக்குமாடிகளைக் கட்டிய புண்ணியவான்களுக்குப் பிள்ளைகுட்டியே இருந்திருக்காது போலிருக்கிறது. ஆறு மாடியும் வண்டியை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு இடுக்களவு திறந்து மூடியது.

"ஜெர்மன்காரன் வண்டிடி, சும்மாவா?" என்றான் மூச்சு வாங்க.

"அவன்கிட்டயே லிஃப்டையும் வாங்கியாந்திருக்கலாம்" என்றாள் அல்பேனா, கையில் ஐந்து நாள் குழந்தையோடு.

ஒன்பதாம் நாள் அவன் லாரியை எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட்டான். ஐந்து வாரம் கழித்துத்தான் வருவான். வண்டி கூடத்தில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகவேண்டும், அதைச் சுற்றிக்கொண்டுதான் குளியலறைக்குப் போகவேண்டும். போகிற போக்கில் இடுப்பில் இடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன் வீட்டுல இருக்கியே, அது போதும்" என்று அதனிடம் சொல்லுவாள்.

அவளுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அவள் அம்மா இத்தாலியில் ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஊரான் வீட்டுக் கிழவிக்குச் சோறு ஊட்டப் போனவளுக்குச் சொந்தப் பேத்தியைத் தூக்க லீவு இல்லை. மருந்துக் கிடங்கில் அல்பேனாவோடு வேலை பார்த்தவர்கள் முதல் வாரம் போனில் பூவும் முத்தமுமாக அனுப்பினார்கள். இரண்டாம் வாரம் யாருக்கும் நினைவில்லை. அக்கம்பக்கத்தாரையும் குறை சொல்ல முடியாது. பச்சை உடம்புக்காரி வீட்டுக்கு நாற்பது நாள் யாரும் போகக் கூடாது, அவளும் வெளியே இறங்கக் கூடாது. மரியாதை தெரிந்தவர்கள், யாரும் மணி அடிக்கவில்லை. அந்த மரியாதையில் அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

தினம் சாயங்காலம் மாமியார் சோன்கா கிராமத்திலிருந்து போன் செய்வாள். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாலும் நாக்கு மட்டும் முறியவில்லை.

"பிள்ளை துணியெல்லாம் எடுத்துட்டியா? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

"எடுத்துட்டேன் அத்தை."

"கைல செவப்புக் கயிறு இருக்கா?"

"இருக்கு அத்தை."

"நாப்பதாம் நாள் சர்ச்சுல மந்திரம் ஓதினதும் நேரா மூணு வீடு ஏறணும், ஞாபகம் வெச்சுக்கோ. ஒவ்வொரு வீட்லயும் முட்டையும் சர்க்கரையும் மாவும் குடுப்பாங்க. மூணு வீடு ஏறாத பிள்ளை பின்னாடி ஆளில்லாம நிக்கும். எங்க ஊர்ல ஒருத்தி இப்பிடித்தான் விட்டுட்டா. மகனுக்கு நாப்பது வயசாச்சு, கல்யாணத்துக்குக் கூப்பிட ஒரு நாய் இல்ல."

அல்பேனா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் போனை வைத்ததும் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். நெவேனா. நெவி. உள்ளங்கையளவு முகம். மூன்று வீடு. இந்த ஊரில் எந்த மூன்று வீட்டை ஏறுவது?

பதினேழாம் நாள் கதவுக்கடியில் ஒரு சீட்டு நுழைந்தது. வெளியே செருமல் சத்தம். கீழ்த்தளத்தில் இருக்கும் ஸ்பிரோ மாமா. கட்டடத்துக்கு அவர்தான் பொறுப்பு, பெண்டாட்டி இறந்த பிறகு கட்டடத்தைத்தான் அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அறிவிப்புப் பலகையில இதை யாரோ குத்தி வெச்சிருக்காங்க. பலகை தண்ணிக் கட்டணத்துக்கு. காதல் கடிதத்துக்கு இல்ல" என்று கதவைத் தாண்டிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சீட்டில் இப்படி இருந்தது: "ஆறாம் மாடி அக்காவுக்கு. உங்க வீட்டுக்காரர் வண்டியைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்துச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி, மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஏழு மாசம். எந்த வண்டி நம்ம லிஃப்டுக்குள்ள நுழையும்? வேற என்னென்ன வேணும்? திலியானா, ரெண்டாம் மாடி, ஒன்பதாம் நம்பர். நேர்ல வந்து கேக்கலாம்தான். வயித்துப்பிள்ளையோட நாப்பதுக்குள்ள இருக்கிறவ வாசல் ஏறினா எங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

அல்பேனா அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தாள். பதினேழு நாளில் அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது, பாலைப் பற்றியும் சிவப்புக் கயிற்றைப் பற்றியும் அல்லாத கேள்வி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் பதில் எழுதினாள். எழுதினாள் என்றால் என்ன, கொட்டினாள்.

"வண்டி வாங்கும்போது இஞ்ச் டேப் எடுத்துட்டுப் போ. ஐம்பத்தெட்டுக்கு ஒரு நூல் கூடினாலும் திரும்பிப் பாக்காதே, கடைக்காரன் கண்ணீர் விட்டாலும் சரி. மெல்லிசுத் துணி பதினஞ்சு வாங்கு. ஆறு போதும்னு கடைக்காரி சொல்லுவா. அவ பிள்ளை வாந்தியே எடுக்காதோ என்னமோ. பாட்டில் கொதிக்க வைக்கிற மெஷின் வேணாம். உன் சூப் பாத்திரம் போதும். ஈரத்துணியைச் சூடு பண்ற டப்பான்னு ஒண்ணு விக்கிறான், அதை வாங்கினே, நான் உன்னோட பேசமாட்டேன். குளிப்பாட்டற தொட்டி கை கழுவற தொட்டிக்குள்ள அடங்கணும், இல்லாட்டி குனிஞ்சு குனிஞ்சு உன் முதுகு போயிடும். நகம் வெட்ட வட்டமுனைக் கத்திரி. வயித்துவலிக்குச் சோம்புத் தண்ணி. பிள்ளை சத்தம் கேக்கிற ரேடியோ ஒண்ணு உண்டு; நம்ம வீட்டு அளவுக்குக் காது போதும்."

எழுதிய பிறகுதான் அதை எப்படி அனுப்புவது என்று தோன்றியது. ஒன்பதாம் நம்பரின் பால்கனி நேர் கீழே, நான்கு மாடி கீழே இருந்தது. துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, கிளிப் போடும் பையை முனையில் கட்டி இறக்கினாள். ஒரு கை நீண்டு பையைப் பிடித்தது. மணிக்கட்டில் நீல மணிக்கயிறு. முகம் தெரியவில்லை, நேர் மேலிருந்து பார்த்தால் வகிடும் வயிறும்தான் தெரியும்.

அன்றிலிருந்து பை ஏறியது, இறங்கியது. போன் நம்பர் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம்தான். இருவருமே கேட்கவில்லை. கயிறு இறங்கும் நேரம்தான் அல்பேனாவின் நாளில் நடந்த ஒரே காரியம். அதைப் போனில் போட்டுக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. திலியானா தையல் ஆலையில் வேலை பார்த்தவள் என்றும், பிள்ளைக்குத் தகப்பன் பெயரைக் கேட்கவேண்டாம் என்றும், கடைக்குப் போக ஓர் அண்ணன் இருக்கிறான் என்றும் சீட்டுகளிலிருந்து தெரிந்துகொண்டாள். ஒரு நாள் ஆசைப்பட்டு, நெவிக்குச் சின்னதாகிப்போன இரண்டு சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு இறக்கினாள். அப்படியே திரும்பி வந்தன. கூடவே சீட்டு: "ஐயோ அக்கா, பொறக்கறதுக்கு முன்னாடி பிள்ளைப் பொருள் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா? மறந்துட்டீங்களா? லிஸ்ட் மட்டும் போதும். லிஸ்டுக்குக் கண்ணு படாது. சட்டையை அப்புறம் குடுங்க."

மறந்துதான் போயிருந்தாள். கொடுக்க ஒருத்தி கிடைத்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

இருபத்தெட்டாம் நாள் மூன்று வீட்டுக் கவலையை எழுதி அனுப்பினாள். பை ஏறி வந்ததும் பால்கனியிலேயே நின்று பிரித்தாள். "இதுக்கா அழறீங்க? நாப்பதாம் நாள் நேரா எங்க வீட்டுக்கு வாங்க. எனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. முட்டை எடுத்து வெச்சிருக்கேன். எங்கம்மா வந்தா அவளைச் சமையலறையில பூட்டிடறேன்."

ஒரு வீடு கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டுதான். அல்பேனா நாட்காட்டியில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். என்ன உடுத்துவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்தாள், இரண்டாம் மாடிக்குப் போகிறதற்கு!

முப்பத்தாறாம் நாள் பை இறங்கியது, யாரும் பிடிக்கவில்லை. அரைமணி நேரம் அப்படியே காற்றில் ஆடியது. பிறகு ஸ்பிரோ மாமா வந்து கதவைத் தட்டினார்.

"ஒன்பதாம் நம்பர் பெத்துட்டா. அவசரக்காரி, அஞ்சு வாரம் முன்னாடியே! ஆம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் சௌக்கியம். உன் லிஸ்டை எடுத்துக்கிட்டு அவ அண்ணன் கடைக்குப் போனான். கடை வாசல்ல ஒவ்வொரு வண்டியையும் இஞ்ச் டேப்பால அளந்தானாம். ஊரே வேடிக்கை பாத்துச்சாம்."

அல்பேனா சிரித்தாள். கதவை மூடியதும் அழுதாள். நாற்பதுக்குள் இருக்கிற ஒருத்தியும் கைப்பிள்ளைக்காரி இன்னொருத்தியும் முகம் பார்த்துக்கொண்டால் ஒருத்தியின் பால் இன்னொருத்தியோடு போய்விடும் என்பது ஊரறிந்த பேச்சு. இனி அந்த வீடு இல்லை. நல்ல செய்தியைக் கேட்டு அழுகிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. முப்பத்தொன்பதாம் நாள் கீழே லிஃப்ட் திறக்கிற சத்தமும் சக்கரங்கள் உருண்டு உள்ளே போகிற சத்தமும் கேட்டன. எங்கேயும் உரசவில்லை. ஐம்பத்தெட்டு! பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

நாற்பதாம் நாள் காலை நெவியை மேசைவிரிப்பால் மார்போடு கட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள். சர்ச்சில் பாதிரியார் மந்திரம் ஓதி, குழந்தையைப் பார்த்து, கண் படாமலிருக்க "எவ்வளவு அசிங்கமா இருக்கு!" என்று பாசமாகச் சொன்னார். வெயில் முகத்தில் பட்டதே மயக்கமாக இருந்தது.

முதல் வீடு ஸ்பிரோ மாமாவுடையது. மணி அடித்ததும் அவர் திகைத்தார். "என்ன, தண்ணி வரலியா?" காரணம் கேட்டதும் கதவை விரியத் திறந்து வைத்தார். உள்ளே ஓடி மாவும் சர்க்கரையும் முட்டையும் எடுத்து வந்தார். முட்டை வேகவைத்தது. "இது ஒண்ணுதான் இருக்கு. காலையில திங்க வெச்சிருந்தேன். பரவால்லியா?"

"கல்லு மாதிரி இருப்பா மாமா, உங்க புண்ணியத்துல."

நான்காம் மாடியில் ஒரு கதவைத் தட்டினாள். வாடகைக்கு இருக்கும் பையன் சங்கிலியை எடுக்காமலே, "நாங்க எதுவும் வாங்கறதில்ல" என்று மூடிவிட்டான். ஐந்தாம் மாடியில் டிவி சத்தம் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. அவள் திரும்ப இரண்டாம் மாடிக்கு நடந்தே இறங்கினாள். ஒன்பதாம் நம்பர் முன்னால் நின்றாள். மணியில் விரல் வைத்து எடுத்தாள். பிறகு வைத்து அழுத்தினாள்.

"யாரு?"

"நான்தான். ஆறாம் மாடி. திறக்காதே."

உள்ளே ஒரு மூச்சு இழுபட்டது. "அக்கா! நீங்க வருவீங்கன்னு காலையிலேர்ந்து கதவுகிட்டயே உக்காந்திருக்கேன். எங்கம்மா தூங்குறா."

குரலை அன்றுதான் முதலில் கேட்டாள். கரகரத்த, சின்னப் பெண்ணின் குரல்.

"பிள்ளை எப்பிடி இருக்கான்?"

"கிழவன் மாதிரி இருக்கான். துணி பதினஞ்சும் அழுக்கு. நீங்க இருபதுன்னு எழுதியிருக்கணும். கண்ணை மூடிக்கோங்க, நானும் மூடிக்கிறேன். பாக்காம குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தோணுது."

"எந்த ஊர் சட்டம் அது?"

"ஒன்பதாம் நம்பர் சட்டம்."

கதவு விரலளவு திறந்தது. அல்பேனா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வழவழப்பாக ஒரு முட்டை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டு பொட்டலங்கள். பிறகு அந்தக் கை அவள் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தது. கண்ணைத் திறக்க எவ்வளவோ ஆசையாக இருந்தது. திறக்கவில்லை. அவரவர் பால் அவரவர் பிள்ளைக்கு வேண்டும்.

"முப்பத்தாறு நாள்தானே அக்கா. போயிடும்."

"போயிடும்" என்றாள் அல்பேனா. எப்படிப் போகும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆறாம் மாடிக்கு வந்தாள். சாவியைக் கையில் எடுத்துவிட்டு, நின்றாள். பிறகு தன் வீட்டு மணியைத் தானே அடித்தாள். விருந்தாளி நிற்கிற மாதிரி ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். உள்ளே மணி ஒலித்து ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் பூட்டைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து, நேராகச் சமையலறைக்குப் போய், ஒரு முட்டையும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் சர்க்கரையும் எடுத்து வந்தாள். முட்டையை நெவியின் கன்னத்தில் தொட்டு எடுத்தாள். "வாடி கண்ணு, முதல் தடவையா வந்திருக்கே" என்றாள். மூன்று வீட்டுச் சீரையும் தள்ளுவண்டிக்குள் வைத்தாள். அந்த வண்டியில் ஏறிய முதல் சுமை அதுதான்.

சாயங்காலம் போன் அடித்தது.

"மூணு வீடும் ஏறுனியா?" என்றாள் சோன்கா.

"ஏறிட்டோம் அத்தை."

"யார் யாரு வீடு?"

"கீழ ஸ்பிரோ மாமா வீடு. ரெண்டாம் மாடியில திலியானா வீடு."

"மூணாவது?"

"இங்கதான், ஆறாம் மாடியில ஒருத்தி."

"உங்க மாடியிலயா? இத்தனை நாளா சொல்லவே இல்லியே. யாரவ?"

"தனியா இருக்கா அத்தை. கைப்பிள்ளைக்காரி. புருஷன் வெளியூர்ல லாரி ஓட்டறான்."

"அடப் பாவமே..." என்று ஆரம்பித்த சோன்கா பாதியில் நிறுத்தினாள். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"முட்டை குடுத்தாளா?" என்றாள் கடைசியில்.

"குடுத்தா."

"நல்லவதான்" என்றாள் கிழவி. "நான் அவளை விசாரிச்சேன்னு சொல்லு. தினம் போன் பண்ணி விசாரிப்பேன்னும் சொல்லு."

"சொல்றேன் அத்தை" என்றாள் அல்பேனா.