ஜஹானாராவும் தாகமெடுத்த செடிகளும்

மூன்றாவது தடவை அரிசி களைந்த தண்ணீரை ஜஹானாரா சொம்பில் வடித்துக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீர் முருங்கைக்குப் போயாயிற்று. இரண்டாவதில் பாத்திரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. முடிச்சூர் சாலைத் தெருக்களுக்கு லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத 2004 கோடை அது. சாக்கடைக்கு ஒரு சொட்டு போனாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவர் அத்தாவுல்லா திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவர். உடம்பெல்லாம் இரும்புத் தூளோடு வருகிறவரைப் பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் நிற்கவைத்துத்தான் குளிக்கச் சொல்வாள். அந்தத் தண்ணீர் கக்கூசுக்கு.

"நான் குளிக்கிறனா, இல்ல நீ என்னை ஊறப்போட்டுக்கினு கீறியா?" என்பார் மனிதர்.

"பேசாம அந்தக் காலை இன்னும் கொஞ்சம் உள்ள வைங்க. வெளிய சொட்டுது பாருங்க."

ஜஹானாராவின் தொழில் தையல். ரவிக்கை தைப்பதில் மேற்குத் தாம்பரத்தில் அவளுக்கு நல்ல பேர். சொன்ன தேதிக்குத் தருவதில் அவ்வளவு நல்ல பேர் இல்லை. கேட்டால், "துணி இங்கதான கீது, எங்க ஓடிப்போவுது?" என்பாள். தண்ணீர் விஷயத்தில் இத்தனை கெட்டியான கைக்கு ஒரே ஒரு பலவீனம்: தாகத்தோடு எதுவும் கண்ணில் படக்கூடாது. காக்கை, தெருநாய், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யாராயிருந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு.

மாடி வீட்டு ஞானஜோதி டீச்சருக்கு இந்தக் குணம்தான் எமனாக வந்து சேர்ந்தது. டீச்சர் கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர். வண்டலூர்க் காட்டுப் பக்கம் பொறுக்கிய விதைகளை முளைக்கவைத்து, வெப்பாலை, காயா, வீரை என்று மொட்டைமாடியில் இரண்டு வரிசை வளர்த்திருந்தார். ஒரு வரிசைக்குத் தண்ணீர் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. மண்ணைப் பாலிதீனால் மூடி, தண்டோடு சேர்த்துச் சணலால் கட்டி, தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் ஏற்றுவார். குறைகிற எடைதான் இலை வழியாகப் போன தண்ணீர்.

"இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்கு ஜஹானாரா. மண்ணு காஞ்சு வெயில் ஏறினா சில செடி வாயை மூடிக்கும். வெப்பாலை இலையையே உதுத்துட்டு சும்மா நிக்கும். எது எப்போ மூடுதுன்னுதான் பாக்கறேன்."

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த கெடு அந்த ஜூனோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டியாயிற்று, இனி நீட்டமாட்டார்கள். இந்தக் கோடை போனால் பட்டமும் போனது.

ஜஹானாரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்த வாடிய வரிசை அவளைப் பார்த்தே நாக்கைத் தொங்கப்போட்டது. "ஒரு புள்ளைக்குப் பாலு, ஒரு புள்ளைக்குப் பட்டினியா? படிச்சவங்க செய்யற வேலயா இது?" என்று கொடிக்கயிற்றிடம் முறையிட்டாள். டீச்சர் பஸ் ஏறியதும் கழுநீர்ச் சொம்போடு மாடி ஏறினாள். சணல் கட்டை அவிழ்த்து ஊற்றிவிட்டுத் திரும்பக் கட்டப் பார்த்தால், வெயிலில் காய்ந்த சணல் கையோடு வந்துவிட்டது. தையல்காரிக்கா நூலுக்குப் பஞ்சம்?

டீச்சர் முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். கல்லூரிக்குத் தூக்கிப்போய்ச் சோதித்தார். தராசு ஒழுங்காகவே இருந்தது. "மழையும் இல்ல, நானும் ஊத்தல, எடை மட்டும் ஏறுது!" என்று படியில் நின்று புலம்பினார்.

"அல்லாவோட கருணை டீச்சர்" என்றாள் ஜஹானாரா, ஊசியில் நூல் கோத்தபடி. உள்ளுக்குள் அவளுக்கு ஒரே குஷி.

இலை உதிர்த்திருக்கவேண்டிய வெப்பாலை பளபளவென்று துளிர்விட்டு நின்ற காலையில் குட்டு உடைந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார். தண்டைச் சுற்றி மெரூன் நூல், அழகான பூமுடிச்சு. பிறகு தன் ரவிக்கைக் கையைப் பார்த்தார். அந்த வாரம் ஜஹானாரா தைத்துக்கொடுத்தது. அதே மெரூன்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் ஜஹானாரா நின்றாள். டீச்சர் திட்டவில்லை, படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஜஹானாரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாவமா இருந்துச்சு டீச்சர். நல்லதுன்னுதான் செஞ்சேன்."

"தெரியும்மா. அதனாலதான் திட்டக்கூட முடியல."

வாடிய வரிசையில், தண்ணீர் டேங்குக்குப் பின்னாலிருந்த சில தொட்டிகள் மட்டும் அவள் கண்ணில் படாமல் தப்பியிருந்தன. அவற்றை வைத்தே ஆராய்ச்சியை முடித்துவிடலாம் என்றார் டீச்சர். இன்னும் ஒரு வாரம் ஒரு சொட்டு படக்கூடாது, பட்டால் எல்லாம் வீண். ஜஹானாரா அன்றிலிருந்து மாடிப் பக்கம் தலைவைக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் மெஷினை நிறுத்தி, "இப்ப வாய மூடிக்கினு இருக்குமா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பாள். அவளுக்குத்தான் தொண்டை வறண்டது.

கடைசி எடைக்கு முதல்நாள் மத்தியானம், டீச்சர் தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்த நேரம், வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டியது. தெருவே கூச்சலிட்டபடி குடமும் வாளியுமாக வெளியே ஓடியது. ஜஹானாராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டிலிருந்த வாளி, அண்டா, பெருநாள் பிரியாணி தேக்சா எல்லாவற்றையும் மாடிக்கு அள்ளிப்போய், படிக்கட்டுக் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் வரிசையாக வைத்தாள். மளமளவென்று நிறைந்தன. எத்தனை மாதமாயிற்று இப்படித் தண்ணீரைப் பார்த்து! சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தவள், அப்போதுதான் டேங்கின் பக்கம் திரும்பினாள். அதுவரை டேங்கின் மறைவில் நனையாமல் நின்ற செடிகளை நோக்கிக் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. சாரல் ஒரு முழத்தில் இருந்தது.

விரிக்க ஒரு தார்ப்பாய் இல்லை. கீழே போய்த் தேட நேரமில்லை.

"யா அல்லா" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நிறைந்திருந்த தேக்சாவை அப்படியே சாய்த்துக் கொட்டினாள். அண்டாவைக் கொட்டினாள், வாளிகளைக் கொட்டினாள். ஒவ்வொன்றையும் உதறித் துடைத்து, செடிகளின் தலைமேல் கவிழ்த்தாள்.