எங்கள் பெட்டியின் புகைச் சட்டம்

சுருட்டு நெடி வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு பாசஞ்சர் ரயில் வந்து நிற்கிறது. போன வாரம் டீக்கடை வாசலில் யாரோ ஒருவர் பற்ற வைத்தார். கருகிய வெல்லமும் ஈரப் புகையிலையும் கலந்த மாதிரி ஒரு காட்டம். அவ்வளவுதான். கையில் டீ ஆறிக்கொண்டிருக்க, நான் எண்பதுகளின் நடுவே எங்கோ, விழுப்புரம் ஜங்ஷனில், நகர ஆரம்பித்துவிட்ட வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கும் சீசன் டிக்கெட் ஆட்கள் நாங்கள். தண்ணீர்க் குழாய்க்கு நேராக வந்து நிற்கும் பெட்டியில் எதிரெதிர் பலகைகள் இரண்டும் எங்களுடையவை. யாரும் பட்டா எழுதித் தரவில்லை. கைக்குட்டை போட்டுப் போட்டு அப்படி ஆகிவிட்டது. ஒரு அரசு அலுவலகத்தின் ஹெட்கிளார்க், ஒரு பேங்க் கேஷியர், கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர், பிறகு நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் கவிதை என்று எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கால்களின் மேல் துண்டை விரித்தால் ரம்மி. துண்டுக்கு மேலே மேகம் மாதிரி புகை.

டைப்பிஸ்டுக்குப் புகை ஆகாது. நெஞ்சில் இழுப்பு. ஆனால் அவரில்லாமல் அந்தப் பலகைக்கு உயிர் கிடையாது. நேற்றிரவு பார்த்த சினிமாவைப் பின்னணி இசையோடு சொல்லுவார். வில்லன் வரும்போது உதட்டால் தபேலா, கதாநாயகி வரும்போது மூக்கால் வயலின். சண்டைக் காட்சியில் அவருக்கு மூச்சு வாங்கினால் அது கதைக்காகவா நெஞ்சுக்காகவா என்று எங்களுக்குத் தெரியாது. மார்கழியில் ஒருநாள் கிளைமாக்ஸுக்கு முன்னால் மூச்சு நின்று நின்று வந்தது. முந்தானை மாதிரி கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு சொன்னார்: “இந்த மாசம் பாக்கறேன். முடியலேன்னா வேற பெட்டிக்குப் போயிடறேன். தப்பா நெனைக்காதீங்க.”

பதறிவிட்டோம். பெட்டிச் சுவரில் ரயில்வேக்காரர்கள் ஏற்கெனவே ஒரு தகடு அடித்திருந்தார்கள். கூட வருகிறவர் ஆட்சேபித்தால் புகை பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். கூட வருகிறவர் தினமும் கூட வருகிறவராக இருந்தால் எப்படி ஆட்சேபிப்பார் என்று தகடு யோசிக்கவில்லை. அதனால் நாங்களே சட்டம் போட்டோம். நம் பலகைகளில் இனிமேல் புகை இல்லை. ஹெட்கிளார்க்தான் முன்மொழிந்தார். கேஷியர் வழிமொழிந்தார். நான் கை தட்டினேன்.

நாலு நாள் பெட்டிக்குள் வயல் வாசனை மட்டும் வந்தது.

பிறகு சலுகைகள் ஆரம்பித்தன. காலையில் ஒரு சிகரெட் உள்ளே போகாவிட்டால் ஹெட்கிளார்க் வாயிலிருந்து அலுவலகத்தில் நல்ல வார்த்தை வராது. ஆகவே பொதுமக்கள் நலன் கருதி அவருக்கு ஒன்று. கேஷியர் வாசற்படியில் நின்று கையையும் தலையையும் வெளியே நீட்டிப் பிடிப்பார். “புகை வண்டியிலயே இல்ல சார், விக்கிரவாண்டியில இருக்கு” என்பார். அந்தப் புகை காற்றோடு வளைந்து அடுத்த ஜன்னல் வழியாக நேரே டைப்பிஸ்ட் மடியில் வந்து உட்காரும். கிராசிங்குக்காக வண்டி நின்றால் சட்டமும் நிற்கும். அது ஓடுகிற வண்டிக்கான சட்டமாம். ரம்மியில் ஜெயித்தவனுக்கு ஒன்று. கவிதை வராத நாட்களில் எனக்கு ஒன்று. அது ஏறக்குறைய எல்லா நாளும்.

அநியாயக்காரர்கள் இல்லை நாங்கள். ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்டோம். “தம்பி, ஒண்ணே ஒண்ணு?” டைப்பிஸ்ட் சிரித்துக்கொண்டே, “பரவால்ல சார்” என்பார். யாருக்காகச் சட்டம் போட்டோமோ அவரையே அதைத் தளர்த்தும் அதிகாரியாகவும் ஆக்கிவைத்திருந்தோம். ஒரு நாளைக்கு எத்தனை பரவாயில்லை சொல்ல முடியும் ஒரு நெஞ்சால்? சினிமாக் கதை இடைவேளையோடு நிற்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த அமாவாசை வந்தது.

பேரணி ஸ்டேஷனில் ஒரு அம்மாள் ஏறினாள். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் புடவை, கூடையில் எலுமிச்சம்பழம், கக்கத்தில் கால் கட்டிய சேவல். திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வழியாக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் பலகையில் நெருக்கி உட்கார்ந்து, சேவலைக் காலுக்கடியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்தாள்.

நான்கு பேரில் மூன்று பேர் எழுந்து நின்றோம்.

“ஏம்மா! ஏம்மா! இங்க புகை பிடிக்கக் கூடாது” என்றார் ஹெட்கிளார்க்.

“யாரு சொன்னது? ரயில்காரனா?”

“நாங்க சொல்றோம். அவருக்கு நெஞ்சுல இழுப்பு. பாக்கறீங்க இல்ல?”

அவள் டைப்பிஸ்டைப் பார்த்தாள். மறுபேச்சுப் பேசாமல் சுருட்டைப் பலகையின் இரும்புக் காலில் நசுக்கி அணைத்துக் காதில் சொருகிக்கொண்டாள். “சொன்னா அணைச்சிட்டுப் போறேன். அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு கத்திக்கினு? கோழியே மெரண்டுடுச்சி.”

சட்டம் ஜெயித்துவிட்ட பெருமையில் உட்கார்ந்தோம். மயிலம் தாண்டியது. ஹெட்கிளார்க்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. “தம்பி, ஒண்ணே ஒண்ணு.”

“பரவால்ல சார்.”

சிகரெட் உதட்டுக்குப் போய்விட்டது. தீப்பெட்டியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா சாரு இது?” என்றாள் அந்த அம்மாள். “உன் புகை மட்டும் அவரு நெஞ்சுக்கு மல்லிப்பூவா?”

“அவரு பர்மிஷன் கேட்டாரும்மா” என்றார் கேஷியர்.

“ஓ, கேட்டா குடுப்பீங்களா? அப்ப நானும் கேக்கறேன்.” காதிலிருந்து சுருட்டை எடுத்தாள். டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்து, “எப்பா, ராசா, ஒண்ணே ஒண்ணு. கொளுத்திக்கவா?”

“அது எங்க கூட வர்றவங்களுக்கு மட்டும்மா” என்று நான் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

“நானும் கூடத்தான வர்றேன்? கூரை மேலயா ஒக்காந்துக்கினு வர்றேன்?”

பக்கத்துப் பலகையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்குச் சுருட்டு வேண்டும். வழி கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் அந்தச் சுருட்டைப் பார்த்தார். அதன் தடிமன் அப்படி. பிறகு ஹெட்கிளார்க்கின் சிகரெட்டைப் பார்த்தார். ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டு மற்றதற்கு எந்த முகத்தோடு இல்லை என்பது?

“வேணாம்மா” என்றார். மூச்சு எடுத்தார். “சார், உங்களுதும் வேணாம் சார். யாருதுமே வேணாம்.”

கேஷியர் சீட்டுகளைத் துண்டோடு சுருட்டினார். ஹெட்கிளார்க்கின் உதட்டில் சிகரெட் பற்றாமலே தொங்கியது. அவர் காது மட்டும் சிவந்தது. அவரிடம் யாரும் ‘வேணாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய அதிகாரியே சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார்.

“ம்க்கும்” என்றாள் அந்த அம்மாள், சுருட்டைக் காதில் திரும்பச் சொருகியபடி. “கேட்டதே தப்பாப் பூட்ச்சி. சொம்மா இருந்திருந்தா அவருன்னா குடிச்சிருப்பாரு, நான் வாசனையாச்சும் புடிச்சிருப்பேன்.”

டைப்பிஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. சிகரெட்டை எடுத்துப் பைக்குள் வைத்த ஹெட்கிளார்க் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டிவனம் வரை மல்லாட்டைக் கொல்லைகளை, ஒவ்வொரு கடலைச் செடியாகத் தணிக்கை செய்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார்.

வண்டி நின்றது. அந்த அம்மாள் வலது கால் பிளாட்பாரத்தில் படுவதற்குள் சுருட்டு புகைந்தது. ஹெட்கிளார்க்கும் இறங்கி அவசரமாகத் தீப்பெட்டியைத் தட்டினார். குச்சி இல்லை. அவள் பார்த்தாள். சுருட்டின் நெருப்பை நீட்டினாள். அவர் குனிந்து அதில் பற்றவைத்துக்கொண்டார். இரண்டு புகையும் வேப்பமரத்தடியில் ஒன்றாகக் கலைந்தன. சேவல் அவளோடு பஸ்ஸுக்குப் போனது.

டைப்பிஸ்ட் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்றிருந்தார். போகலாமா நிற்கலாமா என்ற நிற்பு. பத்து வருடப் பழக்கத்தைப் பிளாட்பாரத்தில் போட்டு உடைத்துவிட்ட மாதிரி முகம். ஹெட்கிளார்க் சிகரெட்டைக் கடைசிவரை இழுத்து, செருப்பால் தேய்த்துவிட்டு, அவரைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பவில்லை.

“சாயங்காலம் எனக்கும் எடம் புடிச்சி வை தம்பி. நான் பிளாட்பாரத்துலயே ஒண்ணு ஊதிட்டு வந்து ஏறிக்கறேன்.”

“ரெண்டாவே ஊதிட்டு வாங்க சார். வண்டி எப்படியும் லேட்டுதான்.”