தமிழில் முதலாவதாக வருபவள்

மாநில எல்லையோரம், ஜூஜுவாடிப் பக்கம் நான் தமிழ் நடத்தும் அரசு நடுநிலைப் பள்ளியில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் கொஞ்சம்தான். மற்றவர்கள் வீட்டில் தெலுங்கு, கன்னடம், ஒடியா. "இதுங்க தமிழ்ல என்ன மார்க் வாங்கிடும்" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வருபவள் ஒடிசாக்காரப் பெண். அவள் கட்டுரையில் பிழை தேடி என் கண்தான் வலிக்கும். அப்பா, அம்மா இருவருக்கும் கம்பெனி வேலை. அவர்கள் இருக்கும் லைன் வீடுகளில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது. வீட்டு ஓனர் ஒட்டும் நோட்டீஸ், ரேஷன் கடை போர்டு எல்லாவற்றையும் அவள்தான் படித்து ஒடியாவில் சொல்வாள்.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அவள் விடைத்தாளைப் புரட்டிவிட்டு, "வீட்ல நல்லா சொல்லித்தர்றாங்க போல" என்றார்.

"இல்ல சார், வீட்டுக்கே இவதான் சொல்லித்தர்றா" என்றேன்.