உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்

கல்லைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று சேலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில், தண்ணீர்ப் பஞ்சம் என்று புல்லைப் பிடுங்கிவிட்டு, மூட்டை மூட்டையாக வெள்ளைக் கல் வாங்கி வாசலில் கொட்டியிருக்கிறோம். அழகாம்.

என் மகள் யாழினி கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டியவள். விண்ணப்பிக்கும்போதே மேஜரை, அதாவது எது முதன்மைப் பாடம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிதடி. என்னோடு நடக்க வரும் நண்பர்தான் வழி சொன்னார்.

"கூட்டமே இல்லாத மேஜரா பாத்து அப்ளை பண்ணச் சொல்லுங்க. உள்ள போய் மாத்திக்கலாம். எல்லாரும் அதான் பண்றாங்க."

அன்று சாப்பிடும்போது அவளே தயங்கித் தயங்கி, "அப்பா, ஐ வான்ட் டு சேஞ்ச் மை மேஜர். ஜியாலஜி" என்றாள். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாளே, அப்பனுக்குத் தப்பாத மூளை என்று பூரித்துப்போனேன். "அதையே போடும்மா!" என்றேன். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

ஜியாலஜி நான் ஆசைப்பட்ட படிப்பு. வெள்ளைக்கல் மலையடிவாரத்தில் வளர்ந்தவன் நான். கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் என் கண்ணெதிரேயே அப்பா அதை அடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் என்று எழுதினார். யாழினியின் விண்ணப்பக் கட்டுரை முழுக்க இந்தக் கதைதான். ஊரிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த ஒரு வெள்ளைக் கல்லைப் பற்றியும் உருகியிருந்தாள். பிரமாதம் என்று தட்டிக்கொடுத்தேன். என்னமாய்ப் புளுகுகிறாள் என்று நண்பரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இடம் கிடைத்த அன்று, கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டேன்.

"சரி, கம்ப்யூட்டருக்கு எப்ப மாறப் போற?"

அவள் விழித்தாள். "வாட் டு யூ மீன்?"

"ஜியாலஜியெல்லாம் உள்ள போறதுக்குத்தானே? கல்லு பொறுக்கவா உன்ன அமெரிக்கால பெத்தோம்?"

நான் பொய் எழுதினேன் என்று நினைத்துத்தான் அப்படிப் பாராட்டினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேறென்ன நினைப்பதாம்? என் அப்பா செய்ததை நானும் செய்கிறேன் என்பீர்கள். இல்லை. அவர் என்னை முதலில் சந்தோஷப்படவிட்டுப் பிறகு அடிக்கவில்லை.

உள்ளே போனபின் கம்ப்யூட்டருக்கு மாற முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கிடைத்த இடத்தை விடச் சொன்னேன். அழுதாள், விட்டாள். இன்னொரு வருடம் அதே கம்யூனிட்டி காலேஜ், கம்ப்யூட்டர் பாடங்கள். மறுபடி சேரும் முன் அந்தச் சேலத்துக் கல்லை வாசல் கற்களுக்கு நடுவே விட்டெறிந்தாள்.

இன்று காலை அதைத் தேடிக் குந்தியிருந்தேன். ஏனோ அது எனக்கு வேண்டும். நாயை நடத்திக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் என்ன தொலைந்தது என்று கேட்டாள். ஒரு கல் என்றேன். "யூ ஹேவ் ப்ளென்டி!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டு கையிலும் ஒவ்வொரு கல். ஒன்று ஊர், ஒன்று கடை, அல்லது இரண்டுமே கடை. பார்த்தவுடன் சொல்லக்கூடியவள் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். தூக்கிக் காட்டினேன்.

"எதும்மா நம்மூர்க் கல்லு?"

"ஐ டேக் கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.