அப்பா துண்டை உதறிய நாள்

சந்தையில் வாங்கிவந்த விராலைக் கழுவும்போது எழுந்த சேற்று வாசத்தில், இன்று பேருந்து நிலையமாகிவிட்ட எங்கள் ஊர்க் கண்மாய் அப்படியே திரும்பி வந்தது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வலையும் கூடையுமாக விடியலிலேயே கரைக்கு வந்துவிடும். ஊர்த் தலைவரான அம்பலகாரர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அந்த வருஷம் நானும் அப்பாவும் அவர் பக்கத்தில் நின்றோம். காதோரம் சுற்றிய குளவியை விரட்ட, அப்பா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறினார். அவ்வளவுதான். கரையே சரிந்து விழுவதுபோல மொத்தச் சனமும் கூச்சலோடு கண்மாய்க்குள் பாய்ந்தது. தண்ணீர் பழுப்பாகக் கொதிக்க, மீன்கள் வெயிலில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின.

“என்னப்பா இது, இன்னும் சூடமே ஏத்தலையே!” என்றார் அம்பலகாரர்.

“குளவி வந்துச்சுங்கண்ணே...” என்று அப்பா காதோரத்தைக் காட்டினார்.

அம்பலகாரர் கண்மாயை ஒருமுறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி சரி, வெரசா எறங்கு. வெராலெல்லாம் அங்கிட்டுப் போகுது!” என்று தானும் குதித்தார்.

நான் இறங்கவில்லை. வீட்டில் அப்பா விரட்டினால் கோழிகூட நகராது. அவர் கையில் தொங்கிய அந்தத் துண்டையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.