பூதத்துக்குக் கட்டிய சேலை

லாரிக்கு முன்னால் அப்பா நின்றார். பக்கத்தில் அம்மா நின்றாள். எங்கள் மலையூர் அம்மன் கோயில் பூசாரியான என் பெரியப்பா வழியை மறித்து நின்றார். டிரைவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன்.

நேற்று சேந்தமங்கலத்தில் ஒரு புதுக் காரின் முன்னால் திருஷ்டி பூதம் தொங்குவதைப் பார்த்தேன். அதே கொம்பு, அதே நாக்கு. சின்ன வயதில் பார்த்த அந்த லாரி ஞாபகம் வந்துவிட்டது. அதன் நெற்றிப் பலகையிலும் இப்படி ஒரு முகம் எழுதியிருந்தார்கள்.

எங்கள் பலாப்பழங்கள் கோயிலுக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடந்தன. காற்றெல்லாம் பழ வாசம். அன்றைக்கு ஏற்றாவிட்டால் அழுகிவிடும்.

“ஆத்தா காலடியில மிதிபட்டவன் இவன். அவ முன்னாலயே பல்லக் காட்டிக்கிட்டு வர்றதா?” என்றார் பெரியப்பா.

“கண்ணு படாம இருக்க எழுதினதுங்க. கீழ எல்லா வண்டியிலயும் இருக்குதுங்க,” என்றார் டிரைவர்.

அப்பா பலகையின் மேல் சாக்கைக் கட்டிப் பார்த்தார். கொம்பு வெளியே தெரிந்தது. அம்மா வேலியில் காய்ந்த தன் சேலையை எடுத்து வந்து கொடுத்தாள்.

“இப்பச் சரி. புது மருமக மாதிரி அடக்கமா இருக்கான். போகட்டும்,” என்று பெரியப்பா வழி விட்டார்.

பழங்களை ஏற்றினோம். திரும்பும்போதும் கோயிலைத் தாண்ட வேண்டும் என்பதால் சேலையை அவிழ்க்கவில்லை. லாரி அப்படியே மலையிறங்கிவிட்டது. அப்புறம் அது வரவே இல்லை.

“உன் சேலை போச்சே,” என்றார் அப்பா.

“பழம் போய்ச் சேந்துருச்சில்லீங்களா,” என்றாள் அம்மா.

அவளுக்கு மிச்சம் இருந்த சேலை இரண்டு.